கலைமதி போட்ட படம்

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியதும் புனிதா மிஸ் எல்.கே.ஜி. வகுப்புக்குத் திரும்பி வந்தாள். திண்டிவனத்தில், மரக்காணம் சாலையை ஒட்டிய சின்ன நர்சரிப் பள்ளி அது. நாளை பெற்றோர் கூட்டம் என்பதால் சுவரெல்லாம் படங்கள். மயில், மாம்பழம், தேசியக்கொடி. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழந்தையின் பெயர். ஆனால் ஒன்றுகூடக் குழந்தை போட்டதில்லை. எல்லாம் புனிதாவின் கைவண்ணம்.

எந்த நர்சரியில்தான் இது நடக்கவில்லை? கிறுக்கலை ஒட்டி வைத்தால், இதற்கா பீஸ் கட்டுகிறோம் என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அதனால் மிஸ் வரைந்தது சுவருக்குப் போகும், பிள்ளை கிறுக்கியது குப்பைக்கூடைக்குப் போகும். மிஞ்சிப்போனால் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வண்ணம் தீட்ட வைப்பாள். கலைமதி மட்டும் அதற்கு மசிய மாட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள்.

"உடுங்க மிஸ், நானே போடுறேன்!"

அந்தக் கலைமதி போன மழையில் காய்ச்சல் கண்டு படுத்தாள். விழுப்புரம் வரை தூக்கிக்கொண்டு ஓடியும் பிழைக்கவில்லை.

இன்று காலை அவள் அம்மா பூமாலை பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா அவ கையால போட்டது எதுனா ஒண்ணு இருந்தா குடுங்க மிஸ். வூட்டு சுவரு பூரா கிறுக்கி வெச்சிருந்தா. அவ போனப்புறம் அதப் பாக்க முடியலன்னு அவங்க அப்பா வெள்ளையடிச்சிட்டாரு. இப்போ ஒண்ணுமே இல்ல."

"இருக்குக்கா. சாயந்திரம் வாங்க, எடுத்து வைக்கிறேன்." வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் புனிதா.

இருந்தால்தானே எடுத்து வைக்க? அலமாரி முழுக்கக் குடைந்தும் ஒரு துண்டுக் காகிதம் அகப்படவில்லை. தூக்கிப் போட்டவளே அவள்தான். பெற்றவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, கிரேயானை இடது கையில் எடுத்தாள். இடது கையால் போட்டால் பிள்ளை கிறுக்கியது போலவே கோணலாக வரும். செத்த குழந்தையின் பெயரில் செய்கிற திருட்டு வேலை இது என்று தெரிந்தது. தெரிந்தேதான் முதல் கோட்டைப் போட்டாள்.

மேகம் மூடி வகுப்பு இருண்டது. கிரேயான் தேய்கிற சத்தம் மட்டும்.

சட்டென்று கிரேயான் நின்றது.

அழுத்தினாள். நகரவில்லை.

மெழுகு வாசனையோடு காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனை வந்தது.

அவள் கைமேல் ஏதோ சுட்டது.

ஒரு சின்னக் கை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஐந்து விரலும் தனித்தனியாகக் கொதித்தன.

கை நகர ஆரம்பித்தது. அவள் நகர்த்தவில்லை.

இழுத்துப் பார்த்தாள். பிடி இறுகியது. கிரேயான் சுற்றிச் சுற்றி வந்தது, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தியது. ஏதோ ஒரு மிருகம். அதற்கு மூன்றே கால்கள்.

"கலைமதி..." என்று முனகினாள் புனிதா. "மன்னிச்சிடும்மா."

பிடி விட்டது.

"மிஸ்?"

வாசலில் பூமாலை. புனிதா காகிதத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்த பூமாலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க நொண்டி ஆடு மிஸ்! மூணு காலுதான் போடுவா. நாலு போடுடின்னா, ஒண்ணத் தூக்கிக்கினுதானே நிக்குதும்பா." காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "நல்லா இருப்பீங்க மிஸ். பத்திரமா வெச்சிருந்தீங்களே."

அந்த வார்த்தையைப் புனிதாவால் தாங்க முடியவில்லை. பாவத்தை இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பாப்பா போட்டத எல்லாம் நான்..."

"இன்னொண்ணு இருக்குமா மிஸ்?" பூமாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவங்க அப்பாவுக்கு."

புனிதா பதில் சொல்லுமுன், சுடுகிற விரல்கள் அவள் இடது மணிக்கட்டை மறுபடி பிடித்தன. மெல்ல மேசைப் பக்கம் இழுத்தன.