ரோஜாவின் வெள்ளை, பூசணியின் வெள்ளை

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பள்ளியில் வருகை எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்குவதால் எல்லாரும் அவளைப் 'பூதம்' என்றே கூப்பிட்டார்கள். "பூதம், சாப்பிட வா!" என்று அம்மா கத்தினால், வாசலில் புதிதாக வந்து நிற்பவர்கள் ஓர் அடி பின்வாங்குவார்கள்.

அம்மாவுக்குத் தாவர நோய் ஆய்வகத்தில் வேலை. வாடிய இலை, அழுகிய வேர் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேரும். எந்தப் பூஞ்சை அதைக் கெடுத்தது என்று கண்டுபிடித்துப் பெயர் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்ததில் பாதியாவது தனக்கும் தெரியும் என்று பூதத்துக்கு ஓர் எண்ணம்.

அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கீழே குடியிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எல்லாருக்கும் அவர் டிரைவர் மாமா. மொட்டை மாடியில் அவர் வளர்த்த பூசணிக்கொடி என்றால் அவருக்கு உயிர். அதே மாடியின் இன்னொரு மூலையில், மேல் வீட்டு நர்ஸ் அக்காவின் ரோஜாத் தொட்டிகள் இருந்தன. ஊசி போட்டதும் அழுகிற குழந்தைகளுக்குக் கொடுக்க, அதிலிருந்துதான் அக்கா பூப் பறித்துக்கொண்டு போவார்.

ஒரு நாள் காலை மாமா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"ஐயையோ! என் பூசணி போச்சே!"

பூதம் மாடிக்கு ஓடினாள். பூசணி இலைகள்மேல் யாரோ முகப்பவுடரைக் கொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். ரோஜா இலைகளிலும் அதே வெள்ளை!

"பூதம், நீ சொல்லு. நீதான் ஆய்வகத்து வீட்டுப் பொண்ணாச்சே. ரெண்டும் ஒண்ணுதானே?"

இவ்வளவு பெரிய மனிதர் தன்னிடம் கேட்கிறாரே! பூதத்துக்குத் தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடியை இங்கே ஒருமுறை வைத்தாள், அங்கே ஒருமுறை வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. சாம்பல் நோய்."

அப்போதுதான் இரவு வேலை முடிந்து நர்ஸ் அக்கா மேலே வந்தார்.

"பாத்தீங்களாம்மா? உங்க ரோஜாலேர்ந்துதான் என் பூசணிக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை குப்பை வண்டி வரும். எல்லாத் தொட்டியையும் அதுல ஏத்திடுங்க" என்றார் மாமா.

"சார், எத்தனையோ வீடு மாறிட்டேன். கட்டிலைக்கூட விட்டுட்டு வந்திருக்கேன். இந்த ரோஜாவை மட்டும் விட்டதில்லை."

"அதுக்காக என் பூசணி சாகணுமா?"

அக்கா பூதத்தின் பக்கம் திரும்பினார். பூதத்தின் தலையைத் தடவிவிட்டு, "நம்ம பூதமே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன" என்று படியிறங்கிப் போனார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைத் தடவினாரே, அதுதான் பூதத்தால் தாங்க முடியவில்லை. பள்ளிக்குக் கொண்டுபோன மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் மறுபடி மாடிக்குப் போனாள். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தாள். ரோஜாவை இடித்துக்கொண்டு ஒரு கத்தரிச் செடி நின்றது. அதில் வெள்ளை ஒரு புள்ளிகூட இல்லை.

பக்கத்தில் இருக்கிற கத்தரியை விட்டுவிட்டு, அந்த மூலையில் இருக்கிற பூசணிக்கு எப்படித் தாவியது?

கீழே ஓடிவந்து அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, பூஞ்சை எல்லாச் செடியையும் தின்னுமா?"

"சிலது எதைக் கொடுத்தாலும் தின்னும். சிலது உன்னை மாதிரி, பிடிச்சதைத் தவிர வேற எதையும் வாயில வைக்காது."

பூதம் முறைத்தாள். அப்புறம் குதித்தாள். கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது!

ஆனால், கொடுத்துப் பார்க்கப் பூசணி நாற்று வேண்டும். நாற்று மாமாவின் ஜன்னலில்தான், காகிதக் கோப்பைகளில் வரிசையாக இருந்தது. அங்கே போய் நின்று, மாமாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"மாமா, காலைல நான் சொன்னது தப்பா இருக்கலாம். வெள்ளையா இருக்குன்னு மட்டும்தான் பாத்தேன். வெள்ளைக் கோட்டு போட்டவங்க எல்லாரும் டாக்டரா? முடிவெட்டுறவர்கூடத்தான் போட்டிருக்கார்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மீசைக்குள்ளேயே மறைத்துக்கொண்டார். "இப்ப என்னங்கற?"

"ரெண்டு நாத்து குடுங்க. ஒண்ணுல ரோஜா இலையில இருக்கற வெள்ளைப் பொடியைத் தடவறேன். அதை நீங்களே வச்சுப் பாருங்க. இன்னொண்ணுல பூசணிப் பொடி. அது எங்க வீட்டுல இருக்கட்டும். ரோஜாப் பொடி உங்க நாத்தைப் பிடிச்சா, தொட்டியை எல்லாம் நானே வண்டியில ஏத்தறேன்."

"அதுவரைக்கும் ரோஜா மாடியில இருக்கக் கூடாது."

"இருக்காது மாமா!"

ரோஜாக்கள் நர்ஸ் அக்காவின் குளியலறைக்குக் குடிபோயின. குளித்துவிட்டு வரும்போதெல்லாம் அக்காவின் கையில் ஒரு புதுக் கீறல் இருக்கும். "குளிக்கப் போறேனா, சண்டைக்குப் போறேனான்னே தெரியல" என்று சிரித்தார். ஆனால், வெயில் இல்லாமல் மொட்டுகள் உதிரத் தொடங்கின. அதைப் பார்த்த பூதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "சீக்கிரம் தெரிஞ்சிடும்க்கா" என்றாள்.

மாமா காலையில் எழுந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்றின்முன் உட்கார்ந்துவிடுவார். வெள்ளை வருமா வருமா என்று பார்ப்பார். பூதம் தன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பாள்.

ஒரு வாரத்தில் பூதத்தின் நாற்று வெளுத்துப்போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு அவள் கீழே ஓடினாள். மாமாவின் நாற்றோ பச்சைப் பசேலென்று புது இலை ஒன்றை விட்டிருந்தது.

மாமா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "ரோஜாவுது இதைத் தொடவே இல்லையே!" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அப்ப என் பூசணிக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சு?"

"தெரியல மாமா. தேடுவோமா?"

இருவரும் மாடியைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாமாவே போட்டு, மாமாவே மறந்துபோன ஒரு வெள்ளரிக்கொடி கிடந்தது. இலையெல்லாம் வெள்ளை.

பூதம் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ரோஜா, பூசணி, வெள்ளரி மூன்றிலிருந்தும் ஒவ்வோர் இலை பறித்து, தனித்தனி உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து வந்த அம்மா சொன்னார்: "நுண்ணோக்கியில பாத்தாச்சு. வெள்ளரியும் பூசணியும் ஒரே பூஞ்சைதான். ரோஜாவுல இருக்கறது வேற இனம். நோய்க்குப் பேரு ஒண்ணு, பூஞ்சை வேற வேற."

மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு வெள்ளரிக்கொடியைப் பார்த்தார். "அப்ப இதைத்தான் வண்டியில ஏத்தணும்" என்று முனகினார்.

"எதுக்கு சார்?" நர்ஸ் அக்கா கத்தரிக்கோலோடு வந்து நின்றார். "கெட்ட இலையை மட்டும் எடுத்துடலாம். பாவம், உயிரோடதானே இருக்கு."

அக்கா ஒவ்வோர் இலையாக வெட்டினார். பூதம் பை பிடித்தாள். மாமா அக்காவின் வீட்டுக்குப் போய், ரோஜாத் தொட்டிகளைத் தானே மூச்சு வாங்க வாங்கத் தூக்கி வந்தார்.

"பழைய மூலையிலேயே வச்சிடுங்க சார்" என்றார் அக்கா.

"அங்க நிழல்மா. வெயில் இங்கதான் நல்லா விழுது" என்றார் மாமா.

சொல்லிவிட்டு, தொட்டிகளைத் தன் பூசணிக்கொடியை ஒட்டி, இலையோடு இலை உரச வைத்தார்.