தோட்டா வேகும் நேரம்

"வீல்...ல்...ல்!"

அந்த அலறல் இரண்டாவது மாடியிலிருந்து கிளம்பி, தெருவில் போய்க் கொண்டிருந்த ஒரு சைக்கிள்காரனை பிரேக் போட வைத்தது.

அலறியது அக்கா.

சமையலறைத் தரையில் அவளுடைய புருஷன் மல்லாந்து கிடந்தார். துப்பாக்கிக் கடைக்காரர். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. தலைக்கு அடியில் ரத்தம் குளமாகத் தேங்கிக் கொண்டிருந்தது.

அடுப்பின் மேல் ஒரு இரும்பு வாணலி. அதற்குள் வெடித்துக் கிழிந்த பித்தளைத் தோட்டாக்கள். சுவரெல்லாம் கீறல். அறை முழுக்கப் புகை.

"அத்தான்! ஐயோ... அத்தான்!"

ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தான் அக்காவின் தம்பி. பிணத்தின் பக்கத்தில் விழுந்து புரண்டு அழுதான்.

அவனை எல்லோரும் கூப்பிடுவது 'ஸ்பிரிங்' என்று. அத்தான் கடையில் துப்பாக்கி மெக்கானிக். ஒரு இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

அழுகை பிரமாதம்! குறை சொல்ல முடியாது.

ஆனால்... அத்தானின் கண்ணில் சுட்டதே அந்தப் புண்ணியவான்தான்!

அக்கா கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போன பிறகு நடந்தது அது.

அத்தான் மேஜையில் ஒரு துண்டை விரித்து, மழையில் நனைந்த தோட்டாக்களைக் காய வைத்துக் கொண்டிருந்தார். கடை வேலையை வீட்டுக்குத் தூக்கி வருவது அவருடைய கெட்ட பழக்கம். 'இது வீடா, வெடி மருந்துக் கிடங்கா?' என்று அக்கா திட்டாத நாளில்லை.

"கடையில தோட்டா காணாமப் போகுதுடா. யாருக்கு விக்கிற?" நிமிராமலே கேட்டார்.

"நானா? என்னத்தான் இப்படிப் பேசறீங்க..."

"நடிக்காதே! மார்க்கெட்ல ஒரு பொண்ணைச் சுட்டுக் கொன்னானுங்களே... அந்தத் தோட்டா நம்ம கடைத் தோட்டா! இன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போறேன். பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு உன்னை விட மாட்டேன்."

"அத்தான்... வேணாம். அக்கா தாங்க மாட்டா."

"அந்தப் பொண்ணுக்கும் ஒரு அக்கா இருப்பாடா, நாயே!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்ததுதான் தப்பு. எதிரே ஸ்பிரிங்கின் கையில் பிஸ்டல்.

டுமீல்!

நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவரின் கால் இரண்டு உதை உதைத்து அடங்கியது.

ஸ்பிரிங் பிஸ்டலை இடுப்பில் செருகினான். அத்தானைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டான். தரையைத் துடைத்தான். துண்டில் இருந்த தோட்டாக்களை வாணலியில் கொட்டி, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் பதுங்கினான்.

பட்... பட்... படார்!

நனைந்த தோட்டாவை மனுஷன் வாணலியில் வாட்டினான்; வெடித்துச் செத்தான். கதை ரெடி!

ஆனால் படிக்கட்டில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா!

பிஸ்டலை எங்கே ஒளிப்பது? பக்கத்தில் ஓவன். கதவைத் திறந்து, உள்ளே இருந்த கம்பித் தட்டின் மேல் தள்ளி, மூடிவிட்டுக் குளியலறைக்குள் பாய்ந்தான். மிச்சத் தோட்டாக்களைக் கழற்ற நேரமில்லை. சேஃப்டி லாக்கைப் போடவும் நேரமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களும் போலீஸும் சேர்ந்தே வந்து சேர்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா வாணலிக்குள் எட்டிப் பார்த்தாள். உடம்பு கனம். பார்வை அதைவிடக் கனம்.

"என்னது, தோட்டாவை வறுத்தாரா?"

"வறுக்கலை மேடம். ஈரம் போக லேசா சூடு காட்டுவாரு. எவ்வளவோ சொன்னேன், கேக்கலை."

"துப்பாக்கி விக்கிற மனுஷனுக்கே இந்தக் கூறு இல்லையா?"

"விதி மேடம்..." மூக்கை உறிஞ்சினான்.

"வாணலியில வெடிச்ச தோட்டா பின்மண்டை வரைக்கும் போயிருக்கே. அவ்வளவு வேகமா இருக்கும்?"

ஸ்பிரிங் வாணலியைப் பார்த்தான்.

அவன் மெக்கானிக். அவனுக்குத் தெரியாதா? வெளியே கிடக்கிற தோட்டா சூட்டில் வெடித்தால் பித்தளைக் கூடு சிதறும். கன்னம் கிழியும், கண்ணே போகும். மண்டையைத் துளைக்கிற வேகம் மட்டும் குண்டுக்கு வராது. அந்த வேகம் துப்பாக்கிக் குழாய்க்குள் அடைபட்டு வெடித்தால்தான் வரும்.

"கிட்டக்க குனிஞ்சு பார்த்திருப்பாரு மேடம்."

"ம்... இருக்கும், இருக்கும்."

அப்பாடா! பிணத்தைத் தூக்கிக் கொண்டு இவர்கள் கிளம்பினால் போதும். பிஸ்டலை ஆற்றில் போட்டுவிடலாம். பிணத்தை அறுத்துப் பார்க்கிறவன் என்ன சொன்னாலும் துப்பாக்கி கிடைக்காது!

அதுவரை மூலையில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். ஓவன் பக்கம் போனாள்.

டக்!

குமிழைத் திருகினாள்.

ஓவன் கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது.

ஸ்பிரிங் அழுகையை நிறுத்தினான்.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"தம்பி காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. ஏதாவது சூடு பண்ணித் தரேன்."

"இந்த நேரத்துலயா?"

"அவன் பசி தாங்க மாட்டான் மேடம்."

அக்கா திரும்பி, ஓவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நகரவில்லை.

குழாய் எந்தப் பக்கம்? தள்ளினபோது பிடி உள்ளே போனது... அப்படியென்றால் குழாய் கதவைப் பார்த்து... ஐயையோ, அக்காவின் முதுகைப் பார்த்து!

"அக்கா, இங்க வந்து உக்காரேன்."

"வேணாம்டா."

"கால் வலிக்கும்க்கா..."

"புருஷன் செத்துக் கிடக்காரு. கால் வலிச்சா என்ன இப்போ?"

"அப்போ அதை அணைச்சிடு. கேஸ் வாசனை வருது!"

"இது கரண்ட் அடுப்புடா."

இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

ஸ்பிரிங்கின் சட்டை முதுகோடு ஒட்டிக் கொண்டது. பிஸ்டல் சூடேறும்... உள்ளே தோட்டா வேகும்... அப்புறம் விசையை யாரும் தொடவே வேண்டாம்.

வாயைத் திறந்தால் தூக்குக் கயிறு. மூடிக் கொண்டிருந்தால் அக்கா பிணம்.

அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா. அவன் செய்த தப்புக்கெல்லாம் அப்பாவிடம் அடி வாங்கிய அக்கா. படுபாவி அவன்தான், ஆனால் அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

"அக்கா... கும்பிடறேன், தள்ளிப் போ."

"ஏன்டா? உள்ள என்ன இருக்கு?"

"தள்ளுக்கா!" தொண்டை கிழியக் கத்தினான். "உள்ள பிஸ்டல் இருக்கு! லோடாகி இருக்கு! வெடிச்சிடும்!"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே வந்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" இன்ஸ்பெக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை.

அவன் எங்கே பதில் சொன்னான்! பாய்ந்தான். அக்காவை ஒரே தள்ளில் சுவரோரம் தள்ளினான். கை வெந்துவிடுமே என்று ஒரு துணியைச் சுற்றிக் கொண்டு ஓவன் கதவைத் திறந்தான்.

"தொடாதே! குழாயைப் பிடிச்சு இழுக்காதேடா, முட்டாள்!"

இன்ஸ்பெக்டரம்மா போட்ட கூச்சல் அவன் காதில் ஏறவில்லை. கடையில் சேர்ந்த முதல் நாளே அத்தான் சொல்லிக் கொடுத்த பாடம்தான் அது. அவசரத்தில் பறந்து போச்சு.

குழாயைப் பிடித்துத் தன் பக்கமாக வெடுக்கென்று இழுத்தான்.

விசை கம்பித் தட்டில் மாட்டிக் கொண்டது.

டுமீல்!

குண்டு அவனுடைய நெஞ்சுக் குழியில் நுழைந்து முதுகு வழியாக வெளியே வந்தது. பின்னால் இருந்த சுவர் சிவப்பானது. ஸ்பிரிங் அப்படியே மடங்கி ஓவனுக்குள் தலை குப்புற விழுந்தான்.

கன்னம் கம்பித் தட்டில் பட்டது.

ஜில்லென்று இருந்தது!

"அக்கா..." வாயில் ரத்தம் கொப்பளித்தது. "சூடே... இல்லையே..."

அக்கா தவழ்ந்து வந்து அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக் கொண்டாள். முகத்தில் அடித்துக் கொண்டு அழுதாள்.

"அது ரிப்பேராகி ரொம்ப நாளாச்சுடா, பாவி! லைட்டு மட்டும்தான்டா எரியும்! போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே, கதவு சரியா மூடலைன்னு மூடப் போனப்போ பிஸ்டலைப் பார்த்துட்டேன். உன் வாயாலயே வரட்டும்னுதான் முன்னாடி போய் நின்னேன். என்னை நீ சாக விட மாட்டேன்னு தெரியும்டா... நீ இப்படிப் போய் விழுவேன்னு தெரியலையேடா!"

ஸ்பிரிங் ஒரு தடவை துள்ளினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே இடத்தில் அசையாமல் கிடந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா அக்காவின் தோளைப் பிடித்துத் தூக்கி, வெளியே கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

கான்ஸ்டபிள் ஓவனைக் காட்டினான். "மேடம்... இந்த ரிப்பேர் அடுப்பையும் ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போகணுமா?"

"பின்னே? கீழே போடாம தூக்குய்யா! இவ்வளவு சீக்கிரமா வாக்குமூலம் வாங்கற ஆளு நம்ம ஸ்டேஷன்ல ஒருத்தன்கூடக் கிடையாது!"