மேமலைத் தராசின் முகவரி

அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சுதாகரனுக்குக் கால்கள் கெஞ்சின. இந்தத் தோட்டத்துக்கு இது மூன்றாவது நடை. முதல் தடவை மழை, அடுத்த தடவை டெலிபோன் லைனே இல்லை. "இன்னைக்கும் முடிக்காம வந்தீங்கன்னா, அப்புறம் கடைப்பக்கம் வர வேணாம்" என்று ஹட்டன் கம்ப்யூட்டர் கடை முதலாளி பிரதாப் சொல்லி அனுப்பியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள்தான். வயசில் சின்னவனிடம் பேச்சு வாங்குவது சுதாகரனுக்கு உறைக்கக்கூட இல்லை, அவ்வளவு அலுப்பு.

மத்தியானம்தான், ஆனாலும் மூட்டம் இறங்கித் தேயிலை ஸ்டோரையே விழுங்கியிருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை ஆபீசில் இல்லை. கம்ப்யூட்டர் பார்க்கிற பூரணி மட்டும் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் புதிய மின்தராசு. இனி மலைக்கு மலை தனித்தனியாகத் தேயிலைக் கொழுந்து நிறுக்காமல் எல்லாவற்றையும் இங்கேயே நிறுக்கப் போகிறார்களாம்.

வேலை என்னவோ சின்னதுதான். டெலிபோன் லைனில் வரும் டி.எஸ்.எல். ரவுட்டருக்கு டெலிபோன் கம்பெனி ஐந்து நிலையான ஐபி முகவரிகள் கொடுத்திருந்தது. லயத்து வரிசை வீடுகளில் காம்பராவுக்குக் காம்பரா நம்பர் இருப்பது மாதிரி, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒன்று, மூன்று கமராக்களுக்கு ஒவ்வொன்று, தராசுக்கு ஒன்று. அந்த நம்பர் மாறாமல் இருந்தால்தான் கொழும்பு ஆபீசிலிருந்து நேராக வந்து கதவைத் தட்டலாம்.

நான்கு முகவரிகள் மளமளவென்று உட்கார்ந்தன. ஐந்தாவதைத் தராசுக்குக் கொடுத்தபோது திரையில் எழுத்து வந்தது. இந்த முகவரி ஏற்கெனவே பாவனையில் உள்ளது.

"வேற எதுக்காவது இந்த நம்பர குடுத்தீங்களா தங்கச்சி?"

"இல்லீங்களே அண்ணே."

அவன் ஒவ்வொரு வயராகப் பிடுங்கினான். தராசு, கமரா, எல்லாம். மடிக்கணினியை மட்டும் ரவுட்டரில் மாட்டி அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தான்.

பதில் வந்தது.

டெலிபோன் வயரையும் உருவிப் போட்டான். இப்போது வெளியுலகத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பதில் வந்தது. மெதுவாக, ஏற்றம் ஏறி மூச்சு வாங்கிய மாதிரி.

பூரணி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இது மேமலை மடுவத்துல இருந்த மின்தராசோட நம்பருண்ணே. முன்ன அதுக்குத்தான் குடுத்திருந்தாங்க."

மேமலை மடுவத்தை, கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையை, சுதாகரனும் கேள்விப்பட்டிருந்தான். போன மழையில், அந்திக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோதே மலை சரிந்து, மடுவமும் தராசும் வரிசையில் நின்றவர்களும் மண்ணுக்குள் போனார்கள்.

"அந்த நம்பர எடுக்காதீங்கண்ணே. செத்தவங்க பெரட்டு நம்பர, காலையில வேலைக்குப் பேர் பதியிற நம்பர, கருமாதி முடியாம நாங்க வேற ஆளுக்குக் குடுக்க மாட்டோம். அவங்க யாரோட ஒடம்பும் கெடைக்கல. கருமாதியும் நடக்கல."

"தராசுக்குமா கருமாதி?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. பிரதாப்பின் முகம்தான் வந்தது. வயர்களையெல்லாம் திரும்ப மாட்டி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, அடம்பிடித்து அந்த முகவரியையே தராசுக்கு எழுதினான்.

இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. விளக்குகளெல்லாம் பச்சை.

அப்பாடா என்று நிமிர்ந்தவனுக்கு வாடை அடித்தது. பச்சைக் கொழுந்து, நனைந்த சாக்கு, புதுமண்.

வெறும் தராசில் எண் ஏறியது.

பதினெட்டு கிலோவில் நின்றது.

கழற்றி மாட்டினான், தட்டினான், துடைத்தான். தட்டு சில்லென்று நனைந்திருந்தது. எண் இறங்கவில்லை. இதை இப்படியே விட்டுப் போனால் நாளைக்கே துரை கூப்பிடுவார், பிரதாப் துரத்துவான். அவனுக்கு அழுகை முட்டியது. பயத்தில் பாதி, அலுப்பில் பாதி.

"பதினெட்டா?" பூரணி கிசுகிசுத்தாள். "கோசலாக்கா எப்பவும் பதினெட்டுதான். பதினெட்டு இருந்தாத்தான் முழுப்பேரு, முழுநாள் சம்பளம். அன்னைக்கு அவங்க சாக்கத் தராசில வைக்கையிலதான் மலை வந்துச்சு. கணக்கப்பிள்ளை பேரும் எடையும் சொல்லிக் கூப்பிடாம யாரும் சாக்க எறக்க மாட்டாங்க."

அவள் தொண்டையைச் செருமினாள். மடுவத்தில் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டாள்.

"கோசலா... பதினெட்டு!"

எண் சரசரவென்று இறங்கிப் பூச்சியத்தில் நின்றது.

சுதாகரன் பையைத் தோளில் மாட்டினான். கீழே வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம். வேலை முடிந்தது, வீடு, சுடுதண்ணீர், தூக்கம். வாசலைத் தாண்டப் போனவன் பின்னால் பூரணி மூச்சை இழுத்த சத்தம் கேட்டுத் திரும்பினான்.

எண் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

பதினாறு.

"வரிசையில அடுத்தது யாரு தங்கச்சி?"

அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா."

பஸ் மறுபடி ஹோர்ன் அடித்தது.

"கூப்பிடுங்க. கூப்பிட்டா எறங்கிரும். என் வேலை போயிரும் தங்கச்சி."

பூரணி வாயைத் திறந்தாள். பெற்றவளின் பெயரை அவள் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதையும் மீறி உதடு அசைந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"கூப்பிட்டா போயிருவாங்களேண்ணே."

பஸ் ஏற்றத்தில் உறுமி, மூட்டத்துக்குள் கரைந்தது. சுதாகரன் பையை இறக்கிக் கீழே வைத்தான். போனை எடுத்துப் பிரதாப்புக்கு அடித்தான்.

"வேலை முடியலீங்க" என்றான்.

மறுமுனை கத்தியது அவன் காதில் ஏறவில்லை. பூரணி ஸ்டூலை இழுத்துத் தராசுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எண் அசையாமல் நின்றது. வெறும் தட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.