பொத்தானுக்கு ஒரு வாய்

நாயின் தட்டில் ஒரு திராட்சை கிடந்தது.

இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்த நர்ஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள். பச்சைத் திராட்சை. காம்பு கிள்ளி, கழுவி, மேலே ஈரம் உலராமல் இருந்தது. கணவன் இறந்த எட்டு மாதத்தில் அவள் திராட்சை வாங்கியதே இல்லை. மூக்கு கறுப்புப் பொத்தான் போல இருப்பதால் பொத்தான் என்று பெயர் வாங்கிய நாய், வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது. நல்லவேளை, இன்னும் தொடவில்லை.

தன் தட்டில் இருப்பதில் பாதி பொத்தானுக்கு என்று வைத்திருந்தவன் அவள் கணவன். அப்படித்தான் ஒருமுறை நாய் இரண்டு நாள் வாந்தியெடுத்துச் சுருண்டது. நாய் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்: "திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம். நமக்குத் தீனி, இதுக்கு விஷம். போன தடவை தாங்குச்சேன்னு நம்பிடாதீங்க."

கணவன் பயபக்தியோடு தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும், "ஆசையாப் பாக்குறான், ஒண்ணு கொடுத்தா என்ன ஆயிடும்?" என்றான். பாசத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. சொன்ன பேச்சைக் கேட்காததிலும்.

திராட்சை கிடந்ததற்கு மறுநாள் காலை, தட்டு காலியாக இருந்தது. பொத்தானின் வாயில் சாக்லேட் வாசம். அதன் இதயம் தறிகெட்டு அடிக்க, கால்கள் வெட்டிவெட்டி இழுக்க, அதை அள்ளிக்கொண்டு ஓடினாள். டாக்டர் ஊசி போட்டு, வயிற்றைக் கழுவிப் பிழைக்கவைத்தார்.

"வீட்ல யாரு கொடுத்தாங்க?"

"நான் மட்டும்தான் இருக்கேன் டாக்டர்."

பூட்டை மாற்றினாள். அதற்கடுத்த காலை, தட்டில் வதக்கிய வெங்காயம். தொட்டால் சுட்டது. அடுப்பு சில்லென்று இருந்தது.

தங்கை போனில் அழாத குறை. "அக்கா, அவனைத் தூக்கிட்டு இங்க வந்துடு."

"நான் எதுக்கு வரணும்? என் வீடு, என் நாய். போகவேண்டியது நான் இல்ல."

"வேற யாரு போகணும்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

விடுப்புச் சொல்லிவிட்டு, அன்று மதியம் சமையலறைத் தரையில் பொத்தானை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மழைக்கு முந்தைய இருட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, குளிர்சாதனப் பெட்டி முனகி முனகி ஓய, எங்கிருந்தோ வந்த பழத்தோலின் ஈரவாசம் முதலில் லேசாக, பிறகு மூச்சு முட்டும்படி அறையெங்கும் பரவியது. அவளுக்குப் பின்னால் குழாய் திறந்தது. யாரோ அவசரமில்லாமல் எதையோ கழுவினார்கள். குழாய் மூடியது. காம்பு கிள்ளும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

பொத்தானின் காது நிமிர்ந்தது. வால் தரையில் அடிக்கத் தொடங்கியது. அதற்கு ஆளைத் தெரிந்திருந்தது.

அவள் திரும்பவில்லை. குரல் நடுங்கவில்லை.

"அங்கயே நில்லுங்க. இவன் மேல உங்களுக்கு உசுரு, எனக்குத் தெரியும். ஆனா கொடுக்க விடமாட்டேன். இருந்தவரைக்கும் நான் சொன்னதைக் கேட்டதில்ல. இப்ப கேட்டுத்தான் ஆகணும்."

காலடி. நின்றது. மறுபடி காலடி.

பொத்தான் மேலே பார்த்து வாயைத் திறந்தது.

அவள் அதன் வாயை இரண்டு கைகளாலும் பொத்தினாள். இறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கழுத்தருகே குளிர். கைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

பிறகு ஒரு ஈரவிரல். அது அவளுடைய சுண்டுவிரலுக்கு அடியில் நுழைந்தது. மெதுவாக நிமிர்த்தியது. வலிக்காமல், பொறுமையாக.

"மாட்டேன்" என்றாள்.

அடுத்த விரலைத் தேடியது.