ஆவணக் காப்பாளரின் பஞ்சுத் தாடி

போன வருஷம் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் அன்ஜும் மரமாக நின்றாள். அதற்கு முந்தின வருஷமும் மரம்தான். மரத்துக்கு வசனம் கிடையாது. கொசு கடித்தால் சொறிந்துகொள்ளவும் கூடாது.

அதனால் இந்த வருஷம் ராஜாமணி சார் கூப்பிட்டு, "நீதான் ஆவணக் காப்பாளர்" என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பழைய வரைபடங்கள், பத்திரங்கள், புகைப்படங்கள் எல்லாம் பாழாகாமல் பாதுகாக்கும் இடம் ஆவணக் காப்பகம். அங்கே பொறுப்பாக இருப்பவர் ஆவணக் காப்பாளர். அப்படி ஒருவரை அன்ஜும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கதைப் புத்தகங்களில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாள். எல்லாருக்கும் கூன் முதுகு, வெள்ளைத் தாடி, இடுப்பில் சாவிக்கொத்து. சிலந்தி வலைக்கு நடுவே உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பார்கள். யாராவது வந்தால் "தொடாதே" என்று சீறுவார்கள். அலமாரிக்குள் ஒரு பூதமும் கட்டாயம் இருக்கும்.

ராஜாமணி சாரும் அதே புத்தகங்களைப் படித்தவர்தான். அவர் எழுதிய நாடகமும் அப்படியே இருந்தது. ஏரியின் பழைய வரைபடத்தைத் தேடி ஒரு பையன் வருவான். காப்பாளர் "தொடாதே" என்று கத்தி, தூசியை வாரி இறைப்பார். உடனே அலமாரிக்குள்ளிருந்து பூதம் குதிக்கும்.

அன்ஜுமின் அப்பா நிசார் அகமது பாப்பிரெட்டிப்பட்டியில் மெத்தைக் கடை வைத்திருந்தார். ஆகவே தாடிக்குப் பஞ்சமில்லை. பஞ்சை மெல்லிசாக இழுத்தால் சிலந்தி வலையும் தயார். பழைய மெத்தைகளைப் பிரிக்கும்போது கொட்டும் தூசியைக்கூட அன்ஜும் விடவில்லை. ஒரு பை நிறையச் சேர்த்துக்கொண்டாள்.

"ஊரே தூசியைக் கூட்டி வெளிய தள்ளுது. நீ ஒருத்திதான் கேட்டு வாங்கிட்டுப் போற" என்றார் அப்பா.

விழா நாள் வந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த வகுப்பறையில் அன்ஜும் தாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஹெல்மெட்டும் கையுமாக ஓர் அக்கா உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். தருமபுரியிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்தாராம். தண்ணீர் குடித்துவிட்டு, அவரே பசை தடவித் தாடியை அழகாக ஒட்டிவிட்டார். பிறகு பையை எட்டிப் பார்த்தார். பார்த்ததுதான் தாமதம், தும்மல் பிடித்துக்கொண்டது.

"என்னா பாப்பா இது?"

"தூசிங்க அக்கா. நான் ஆவணக் காப்பாளர் வேஷம் போடறேன்" என்றாள் அன்ஜும் பெருமையாக.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நானும் அதே வேலைதான் பார்க்கறேன். இன்னிக்குச் சிறப்பு விருந்தினரும் நான்தான். பேரு மணிமேகலை."

அன்ஜும் திறந்த வாயை மூட மறந்துபோனாள். மணிமேகலைக்குக் கூன் இல்லை. இருமல் இல்லை. சாவிக்கொத்தும் இல்லை, ஸ்கூட்டர் சாவி மட்டும்தான்.

"உங்க ஆபீஸ்ல பூதம் இருக்குங்களா?"

"பூதம் இருந்தாப் பரவாயில்லையே. அது காகிதத்தைத் தின்னாது. எனக்குக் கரையானைக் கண்டாத்தான் பயம்."

அங்கே தூசியே ஆகாதாம். தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது, சிந்தினால் பூச்சி வரும். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் எதையும் தொடலாம். மற்றபடி யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்களாம்.

"ஆனா கதையில எல்லாம் எங்களை இப்படித்தான் போடறாங்க. எங்க பக்கத்து வூட்டுப் பையன்கூட என் ஆபீஸுக்கு வரப் பயப்படறான்" என்றார் மணிமேகலை. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். உடனே அதை மறைத்துக்கொண்டு, "நீ நல்லா நடி பாப்பா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்ஜுமுக்கு மனசே சரியில்லை. தாடி ஒட்டிவிட்ட அக்காவை ஊர் முன்னால் கேலி செய்வதா? அவள் ஓடிப்போய் ராஜாமணி சாரிடம் சொன்னாள். கடைசி நேரத்தில் வசனத்தை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும், எழுதியதை எழுதியபடி பேசு என்று அவர் சொல்லிவிட்டார். மீறினால் அடுத்த வருஷம் மறுபடியும் மரம்தான். அது அன்ஜுமுக்கு நன்றாகத் தெரியும்.

திரை விலகியது. முன்வரிசையில் மணிமேகலை கைக்குட்டையைத் தயாராக மூக்கருகே வைத்திருந்தார். அன்ஜும் தூசிப் பையை மேடைக்கு வெளியே வைத்துவிட்டாள்.

பையனாக நடித்த மாது வந்து, "ஏரியோட பழைய வரைபடம் வேணுங்க" என்றான்.

அன்ஜும் கூனை நிமிர்த்திக்கொண்டாள்.

"தாராளமாப் பார்க்கலாம். மொதல்ல கையைக் கழுவிட்டு வா."

மாதுவுக்கு இப்படி ஒரு வசனம் தெரியாது. திரை மறைவைப் பார்த்தான். அங்கே சார் தலையில் கைவைத்து நின்றார். வேறு வழி தெரியாத மாது மேடையை விட்டு இறங்கி, நிஜமாகவே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி வந்தான். அதற்குள் அன்ஜும் துடைப்பத்தால் சிலந்தி வலையெல்லாம் அடித்து முடித்திருந்தாள்.

"ஈரத்தைத் தொடைச்சுக்க" என்று துண்டை நீட்டினாள். பிறகு வரைபடத்தை விரித்துக் காட்டினாள். மாது பார்த்தான். நாடகம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அலமாரிக்குள் அர்பாஸ் இருந்தான். அவன்தான் பூதம். "தொடாதே" என்ற சொல்லைக் கேட்டதும் குதிக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. அந்தச் சொல்தான் வரவே இல்லையே. காத்திருந்து காத்திருந்து பசித்துவிட்டது. பையிலிருந்த போண்டாவை எடுத்துக் கடித்தான். மெல்லும் சத்தம் மைக்கில் கேட்டது.

அன்ஜும் அலமாரியைத் திறந்தாள். கரி பூசிய முகமும் பாதிப் போண்டாவுமாகப் பூதம் விழித்தது.

"பூதமே, உள்ள என்ன பண்ற?"

"போண்டா தின்னுட்டு இருக்கேங்க."

"இங்க தின்னக் கூடாது. சிந்தினா பூச்சி வரும். வெளிய போய்த் தின்னுட்டு வா."

"சரிங்க" என்று பூதம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூக்குக்காக வைத்திருந்த கைக்குட்டையால் மணிமேகலை கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

அவர் மேடையேறினார். "நானும் எத்தனையோ கதை படிச்சிருக்கேன். அதுல எல்லாம் என்னைப் பார்த்ததே இல்ல. இன்னிக்குத்தான் பார்த்தேன். தாடி ஒண்ணுதான் அதிகம்" என்றார்.

இப்படி எழுதலாமா என்று தானும் முதலில் யோசித்ததாக ராஜாமணி சார் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அடுத்த வருஷமும் அன்ஜுமுக்கு வசனம் உண்டு என்று அப்போதே சொல்லிவிட்டார். அன்ஜுமுக்குச் சந்தோஷத்தில் தாடி கழன்றது.

கிளம்பும்போது மணிமேகலை வாசலில் நின்றார். பிள்ளைகள் கையால் வரைந்த நாடகச் சுவரொட்டி அங்கே தொங்கியது. இதையும் காப்பகத்தில் வைக்கலாமே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அர்பாஸ் முந்திக்கொண்டு, போண்டா எண்ணெய் வழியும் கையை நீட்டினான்.

"மொதல்ல கையைக் கழுவிட்டு வா" என்றார்கள் இரண்டு ஆவணக் காப்பாளர்களும் ஒரே குரலில்.

பூதம் குழாயடிக்கு ஓடியது.