உப்பில்லாத நாற்பத்தொரு நாள்

சுகிர்தாவின் நகல் வெளிநாட்டில் மூன்று ஆண்டு வாழ்ந்து முடிக்கப் பதினொரு நிமிடம் ஆகும் என்றார்கள். அந்தப் பதினொரு நிமிடமும் சுகிர்தா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் கொண்டுவந்த உப்பில்லாத அவலைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் ரூபஸ், பசியில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருவனந்தபுரத்தில் வடகடல் கூட்டரசின் விசா அலுவலகம் அது. ஒரு காலத்தில் விசா அதிகாரிகள் கேள்வி கேட்டார்களாம். ஊரில் நிலம் இருக்கிறதா, கல்யாணம் ஆகிவிட்டதா, திரும்பி வருவாயா என்று. கேட்டவர்களுக்கும் பதிலில் நம்பிக்கை இல்லை, சொன்னவர்களுக்கும் இல்லை. இப்போது அந்தத் தொல்லை கிடையாது. முன்வாழ்வி என்றொரு இயந்திரம் வந்துவிட்டது. தலையில் வலைத்தொப்பியை மாட்டி, ஆளின் நினைவையும் பழக்கத்தையும் பயத்தையும் அப்படியே வாங்கி ஒரு நகல் செய்துகொள்ளும். அந்த நகலை வடகடல் நாட்டில் வாழவிட்டுப் பார்க்கும். நகல் பயிற்சியை ஒழுங்காக முடித்து ஒழுங்காக ஊர் திரும்பினால் ஆளுக்கு விசா. நகல் அங்கேயே ஒளிந்துகொண்டாலும் சரி, பாதியில் ஓடி வந்தாலும் சரி, ஆள் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். செய்யாத தப்புக்குத் தண்டனையா என்று சிலர் வழக்குப் போட்டார்கள். தண்டிக்கவில்லையே, விசா இல்லை என்றுதானே சொல்கிறோம் என்று கூட்டரசு பதில் சொன்னது. அதோடு வழக்கும் முடிந்தது.

நகல் தனியாகவும் போகாது. ஊரில் விண்ணப்பதாரரைத் திரும்ப இழுக்கக்கூடிய ஓர் ஆளையும் சேர்த்து நகலெடுப்பார்கள். அவருக்கு ஊர்ப்பிணை என்று பெயர். சுகிர்தாவுக்கு ரூபஸ்தான் ஊர்ப்பிணை. வீட்டில் மிச்சமிருக்கும் அம்மா ஜெசிந்தாவை, இந்த இருவரின் நினைவிலிருந்தும் இயந்திரமே கட்டிக்கொள்ளும். பிறகு நடுவில் எங்காவது ஒரு சாவையோ வெள்ளத்தையோ நோயையோ போட்டு, நகல் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும். அதற்குச் சோதனைத் துயரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை ஏறுகிறவள் சுகிர்தா. இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு எண்பது மீட்டர் உயரத்தில் தொங்கி, இறக்கையில் விழுந்த வெடிப்பை அடைப்பாள். ஏழு வருடமாக அதே வேலை. கரைக் காற்றாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் எல்லாம் கடலுக்குள்தான். கடற்காற்றாலை வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள உலகத்தில் நான்கே இடங்கள் இருந்தன. வடகடல் கூட்டரசின் மூன்றாண்டுப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் வந்தபோது, அவள் அதைக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தாள். விசா மட்டும்தான் பாக்கி.

"பெயில்," என்றான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பையன். வேறொன்றும் சொல்லாமல் ஒரு தாளை நீட்டினான். மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அந்தத் தாளுக்கு வாழ்குறிப்பு என்று பெயர்.

நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் அதைப் பிரித்தாள். நாலே வரி.

*பதினான்காம் மாதம்: தாயின் நெஞ்சுவலி கூடிவிட்டதாக ஊர்ப்பிணை செய்தி அனுப்பியது. விண்ணப்பதாரர் அன்றே பயிற்சியைக் கைவிட்டு ஊர் திரும்பினார். குறிப்பு: தாயின் இதய நோய் விண்ணப்பதாரரின் நினைவில் மட்டுமே உள்ளது. ஊர்ப்பிணையின் நினைவில் அப்படி ஒரு நோய் இல்லை.*

கடைசி வரியை மறுபடி வாசித்தாள். பிறகு தாளை ரூபஸின் மடியில் வைத்தாள்.

"இது என்னண்ணே?"

அவன் வாசித்து முடிக்கப் பாறசாலை வந்துவிட்டது.

"விசா வந்த உடனே சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான்.

"அம்மைக்கு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. குமாரதாஸ் மாஸ்டர்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு."

குமாரதாஸ் மாஸ்டர் வடசேரியில் முன்வாழ்விப் பயிற்சி மையம் நடத்துகிறவர். நகல் எடுப்பதற்கு முன் நாற்பத்தொரு நாள் பாடம். ஊர்மேல் பற்று வளர்வதற்குக் குடும்பப் போட்டோ பார்க்கச் சொல்வார், பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் வரச் சொல்வார். சுகிர்தாவைப் பார்த்த முதல் நாளே உதட்டைப் பிதுக்கினார். கல்யாணம் ஆகவில்லை, காதல் இல்லை, காற்றாலைமேல் மட்டும்தான் ஆசை. இந்தப் பெண்ணுக்கு இழுவை போதாது, இவளுடைய நகல் அங்கேயே தங்கிவிடும் என்றார். முன்பெல்லாம் பொய் நிச்சயதார்த்தம் செய்து தாம்பூலம் மாற்றி அனுப்பிப் பார்த்தார்களாம். ஆளுக்குப் பொய் என்று தெரிந்தால் நகலுக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால் ரூபஸைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்ன வழி வேறு: நகலை ஏமாற்ற முடியாது, ஆளை ஏமாற்றலாம்.

"அம்மைக்கும் தெரியுமா?"

ரூபஸ் தலையை மட்டும் ஆட்டினான். அதுவே போதுமாக இருந்தது.

நாற்பத்தொரு நாளும் அவள் கண்முன் ஓடியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா அடுப்படியில் சாய்ந்த முதல் நாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று ரூபஸ் வந்து சொன்னது. அம்மா மட்டும் ஏன் தனியாகச் சப்பென்று சாப்பிட வேண்டும் என்று சுகிர்தா வீட்டிலிருந்த உப்பு ஜாடியையே தூக்கிப் பரணில் வைத்தாள். மூன்று பேருக்கும் உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக்குறிப்பில் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். பாஸ்டர் அதை வாசித்தபோது சபை முழுக்க எழுந்து நின்று ஜெபித்தது. ஆறு ஞாயிறு அப்படி. ஒரு கட்டத்தில், நான் வரவில்லை என்று கூட்டரசுக்கு எழுதுவதற்கே உட்கார்ந்துவிட்டாள். ரூபஸ்தான் தடுத்தான். அன்றைக்கு அவனை எவ்வளவு நல்லவன் என்று நினைத்தாள்.

"விசா வந்ததும் சொல்லியிருப்பேன்னு சொல்லுதியே," என்றாள். "உன் நகலு பாக்க என் நகலுக்கு விசா வந்துதே. பதினாலு மாசமா அது ஏன் சொல்லல?"

"அது நான் இல்லல்லா."

"நீதான். உன் தலையிலேருந்துதான் எடுத்தான்."

ரூபஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். கிடைத்தால் அம்மாவோடு இருக்க ஆள் வேண்டும். தன்னுடைய நகல் என்ன கணக்குப் போட்டிருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொய் தயாராக இருந்திருக்கிறது, அவளை ஊருக்கு இழுக்க நகல் அதை எடுத்து வீசியிருக்கிறது. தூத்துக்குடி விஷயத்தை அவளிடம் சொன்னான். மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

எதிர்பார்த்ததற்கு இரண்டு மணி நேரம் முன்பே அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தெருமுனையிலேயே நெத்திலிக் கருவாடு வறுபடும் வாசனை மூக்கைத் துளைத்தது. சுகிர்தா செருப்போடு அடுப்படிக்குள் போனாள். அம்மா சட்டுவத்தோடு திரும்பினாள். பக்கத்தில் பரணிலிருந்து இறங்கிய உப்பு ஜாடி.

"வந்துட்டியளா? கெடச்சுதா மக்ளே?"

சுகிர்தா ஜாடியைப் பார்த்தாள். ஜாடி பாதிதான் இருந்தது. நாற்பத்தொரு நாளும் அவள் கோபுரம் ஏறப் போன பிறகு அது பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஊரே சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரித்ததுபோல உடம்பு கூசியது.

"உனக்கு நல்லது நடக்கணும்னுதான் மக்ளே," என்றாள் அம்மா, ரூபஸின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு. "நீ போணும்னு எனக்கு ஆசை இல்லியா?"

"சபையில பேரு வாசிச்சப்போ தலையக் குனிஞ்சியே. ஜெபம்தான் பண்ணுதேன்னு நெனச்சேன்."

"வெக்கமா இருந்துச்சு. அதான் குனிஞ்சேன்."

சுகிர்தா உப்பு ஜாடியை எடுத்து அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுக்கப்பட்டவர் ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ஊர்ப்பிணையை மாற்ற முடியாது. அவளும் மாற்றக் கேட்கவில்லை, மாஸ்டர் பக்கமும் போகவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், வேண்டியதைப் பேசினாள். சண்டை போட்டிருந்தால் வீடு தாங்கியிருக்கும். அவள் போடவில்லை. ரூபஸ் பஸ் தாமதம் என்று சொன்னாலும், அம்மா கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும், போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னாள். தூத்துக்குடி வேலையை ரூபஸ் வேண்டாமென்று எழுதிவிட்டான். அந்தக் கடிதத்தின் நகலையும் அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

ஒருநாள் காலையில் அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கையில் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தல சுத்துது மக்ளே."

"மாத்திரையப் போடு," என்றாள் சுகிர்தா. இரண்டாவது பூட்ஸையும் கட்டிவிட்டுக் கிளம்பினாள். கணவாயில் கோபுரத்தின் பாதி உயரத்தில்தான், அம்மாவைத் தான் திரும்பியே பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் வாரில் தொங்கியபடி நின்றாள். பிறகு மேலே ஏறினாள்.

ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி திருவனந்தபுரம். வலைத்தொப்பி, பதினொரு நிமிடம். இந்தமுறை இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

ஜன்னல் பையன் அவளைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டான். "சிறப்புத் தகுதி, அக்கா. எங்க ஆபீஸ்ல இந்த வருஷம் இதுதான் முதல்." விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும், உறையிலிட்ட ஒரு தாளையும் கொடுத்தான். பாஸானவர்களுக்குப் பொதுவாகக் காரணம் சொல்வதில்லை. சிறப்புத் தகுதிக்கு மட்டும் பாராட்டாக வாழ்குறிப்பையும் சேர்த்துத் தருவார்களாம்.

பஸ்ஸில் அவள் அதைப் பிரிக்கவில்லை. ரூபஸும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கி விசாப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னாள். அப்போதுதான் சுகிர்தா உறையைக் கிழித்தாள்.

*சோதனைத் துயரம்: தாயின் மாரடைப்பு, பத்தொன்பதாம் மாதம். ஊர்ப்பிணை நான்கு முறை அழைத்தது. விண்ணப்பதாரர் நம்பவில்லை. நான்காவது அழைப்புக்குப் பின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பணிக்குத் திரும்பினார். இறுதிச் சடங்கின்போதும் பயிற்சி தடைபடவில்லை. மூன்றாம் ஆண்டு இறுதியில் தேர்ச்சி பெற்று, குறித்த நாளில் ஊர் திரும்பினார். திரும்பியதற்கு நகல் சொன்ன காரணம்: அழைப்பு உண்மைதானா என்று பார்க்க. பயிற்சிக்கு மிகவும் ஏற்றவர்.*

இது வெறும் சோதனை, அவர்களே தூக்கிப் போட்ட துயரம், அம்மாவுக்கு மாரடைப்பு வரும் என்று இதில் எங்கேயும் இல்லை என்று சுகிர்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாவை அவர்கள் போட்டார்கள் என்பது சரி. நான்கு அழைப்பையும் நம்பாமல் இருந்தவளை அவர்கள் போடவில்லை. அவளைச் சுகிர்தாவின் தலையிலிருந்துதான் எடுத்தார்கள்.

"என்ன மக்ளே போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"நல்லபடியாப் படிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வருவேனாம்."

"என்னயப் பத்தி ஏதும் இருக்கா?"

சுகிர்தா தாளை நாலாக மடித்தாள்.

"நீ நல்லா இருக்கியாம். நான் வந்து எறங்குத அன்னைக்கு வாசல்ல நிக்கியாம்."

"பின்ன நிக்காம?" என்று சிரித்தாள் அம்மா. இன்றைக்குக் கருவாடு வறுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே பாஸ்போர்ட்டோடு உள்ளே போனாள். ஆறு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ரூபஸ் சிரிக்கவில்லை. அவன் நாற்பத்தொரு நாள் பொய் சொல்லிப் பழகியவன். தங்கையின் குரலைக் கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தாளைக் கேட்டு அவன் கை நீட்டினான். அவள் அதைத் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"விசா வந்துட்டுல்லா," என்றான் அவன் மெதுவாக. "இப்ப அம்மைட்ட உண்மையச் சொல்லலாமே."

"சொல்லுவேன்," என்றாள் சுகிர்தா. "போயிட்டு வந்து சொல்லுவேன்."