ஓர் ஆணி, மூன்று காலண்டர்

ஐந்தாம் வகுப்புச் சுவரில் இருந்தது ஒரே ஓர் ஆணி. இன்னொன்று அடிக்கலாம் என்றால் காரை பொலபொலவென்று கொட்டும். அவ்வளவு பழைய சுவர். அந்த ஓர் ஆணிக்காகத்தான் இத்தனை சண்டையும்.

சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்? ஆண்டு பிறந்ததும் பஜார்க் கடைகளில் சும்மாவே கொடுக்கிறார்கள். எந்தப் படம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் அழகுமீனா ஒரு முருகன் காலண்டர் கொண்டுவந்து மாட்டினாள். கையில் வேல், முகத்தில் நல்ல சிரிப்பு. அப்புறம் ஜெனிட்டா மாதா காலண்டரோடு வந்தாள். மறுநாள் அஷ்ரப் பச்சைக் கோபுரம் வைத்த பள்ளிவாசல் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இங்கன ஏற்கெனவே முருகன் இருக்காருல்ல?" என்றாள் மீனா.

"அப்ப எங்க மாதா எங்கன போவாங்க?" என்றாள் ஜெனிட்டா.

"எங்க அத்தா எனக்குன்னே கேட்டு வாங்கினது. நான் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன்" என்றான் அஷ்ரப்.

சண்முகத்தாய் டீச்சர் மூன்று காலண்டரையும் பார்த்தார். மூன்று முகங்களையும் பார்த்தார்.

"மூணும் அழகாத்தான் இருக்கு. ஆனா ஆணி ஒண்ணு. நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

அவர்கள் பேசவில்லை. அதற்குப் பதிலாகச் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். முதலில் வருபவர் தன் காலண்டரை மாட்டுவார். மற்ற இரண்டும் பீரோ மேலே போய்விடும். ஜெனிட்டா காப்பி குடிக்காமல் ஓடிவந்தாள். அஷ்ரப் தலை சீவாமல் வந்தான். ஒருநாள் மீனா வந்தபோது பள்ளிக்கூடத்துக் கேட்டையே இன்னும் திறக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வந்தால், அன்றைய காலண்டர் தாளை அந்தப் பிள்ளைதான் கிழிக்க வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். புது உடுப்பும் சாக்லேட்டும் எல்லார் வீட்டிலும் முடியாது. தாள் எல்லாருக்கும் உண்டு.

பானுப்பிரியாவுக்கு ஜனவரி இருபத்தொன்று பிறந்தநாள். அவள் வீட்டில் புது உடுப்பு கிடையாது. பொங்கலுக்கு எடுத்ததே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் தாளுக்காகவே காத்திருந்தாள்.

"இன்னும் ரெண்டே நாளு மீனா. கோணாமக் கிழிக்கணும். வீட்டுல பழைய நோட்டுல கிழிச்சுப் பழகிட்டு இருக்கேன்" என்று மீனாவின் காதில் சொன்னாள். அவள் எதையும் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

இருபத்தொன்றாம் தேதி புதன்கிழமை வந்தது. அன்று சண்முகத்தாய் டீச்சர் பயிற்சிக்காக விருதுநகர் போயிருந்தார். ஜெனிட்டா முதல் ஆளாக வந்து மாதாவை மாட்டியிருந்தாள். மீனா பார்த்தாள். தாளில் இருபது என்று இருந்தது.

"ஏபுள்ள, உன் காலண்டர் தப்பு!"

"மாதா காலண்டர் தப்பாவாம்! உன்னோடதுல என்ன போட்டிருக்கு, அதைப் பாரு!"

பீரோ மேலிருந்து முருகனை இறக்கினார்கள். பத்தொன்பது. அஷ்ரப் தன்னுடையதை எடுத்தான். அதில் இன்னும் பொங்கலே முடியவில்லை. பீரோ மேலே கிடந்த காலண்டரில் யார் தாள் கிழித்தார்கள்?

"உன்னோடதுதான் தப்பு!"

"உன்னோடதுதான்!"

"இன்னைக்கு இருபத்தொண்ணு" என்றாள் பானு. யார் காதிலும் விழவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஜெனிட்டா காலண்டரின் கயிறு அறுந்தது. நான்காம் வகுப்பு சார் ஓடிவந்தார். மூன்று காலண்டரையும் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அன்று முழுக்கக் கணக்குப் போட வைத்தார்.

ஆணி வெறுமனே இருந்தது. பானு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சண்முகத்தாய் டீச்சர் வந்ததும் முதலில் பானுவைத்தான் கூப்பிட்டார்.

"நேத்துத் தாளை ஒழுங்காக் கிழிச்சியா கண்ணு? நான் இல்லாமப் போயிட்டேனே."

பானு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பெஞ்சில் விழுந்தது. மீனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காதில் வந்து சொன்னாளே, அதைப் போய் மறந்துவிட்டோமே!

டீச்சர் ஒன்றும் திட்டவில்லை. பீரோவைத் திறந்து காலண்டர்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். மூன்று பேரும் பாய்ந்து போய் அவரவர் காலண்டரில் இருபத்தொன்றைத் தேடிக் கிழித்தார்கள்.

"பானு, இந்தா!"

"என்னோடதை வாங்கிக்க!"

"இதை எடு, பானு!"

பானு கையை நீட்டவில்லை.

"வேண்டாம். யாரோடதை வாங்கினாலும் மத்த ரெண்டு பேரும் சண்டைக்கு வருவீங்க. அதுவும் இல்லாம, நான்தான கிழிக்கணும்?"

மூன்று தாள்களும் பெஞ்சின்மேல் கிடந்தன. மீனா அவற்றைப் பொறுக்கினாள். பொறுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே மாதிரிச் சிவப்பு வரி. ஒரே தமிழ்த் தேதி. கீழே ஒரே முஸ்லிம் மாதத் தேதி. இதில் எது முருகனோடது, எது மாதாவோடது?

"ஏலே அஷ்ரப், இதுல உன் தாள் எது?"

அஷ்ரப் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெனிட்டா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இருவருக்கும் தெரியவில்லை.

மீனாவின் அம்மாவுக்குக் காலண்டர் கம்பெனியில் வேலை. படம் ஒட்டிய அட்டையில் தாள்கட்டைப் பொருத்திக் கம்பிப் பின் அடிப்பார். அன்று மாலை அம்மா வாசலில் செருப்பைக் கழற்றியதுமே மீனா அவரிடம் ஓடினாள்.

"எம்மா, எல்லாக் காலண்டருக்கும் ஒரே தாள்கட்டா?"

"நாங்க அடிக்கிறதுக்கெல்லாம் ஒண்ணுதான். அட்டையில படந்தான் வேற வேற. அதுக்கு என்ன இப்ப?"

"அப்ப எனக்குப் படமே இல்லாத அட்டையில ஒண்ணு அடிச்சுத் தாங்கம்மா."

"படம் இல்லாமயா? கழுத, அதை யாரு மாட்டுவா? முருகன் என்ன பாவம் பண்ணாரு?"

"முருகன் எனக்குப் பிடிக்கும்மா. ஆனா வகுப்புல முப்பது பேரு இருக்கோம்ல?"

அம்மா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "சீசன் முடிஞ்சிருச்சு, மிச்ச அட்டை கிடக்கும். கம்பெனி மேஸ்திரி போயிருக்க மாட்டாரு. வா, கேட்டுப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை மூன்று பேருமே முதலில் வந்துவிட்டார்கள். மீனாவின் கையில் வெள்ளை அட்டைக் காலண்டர் இருந்தது. மேல்தாள் இருபத்தொன்று.

"இது யாரோடது?" என்றாள் ஜெனிட்டா.

"வகுப்போடது. நான் முருகனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஆணி நிறைய இருக்கு."

அஷ்ரப் தலையைச் சொறிந்தான். "எங்க வீட்டுலயும் இருக்கு" என்றான். ஜெனிட்டா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து ஆணிக்குக் கீழே போட்டாள்.

பானு ஸ்டூலில் ஏறினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு கிழித்தாள். கொஞ்சம்கூடக் கோணவில்லை! வகுப்பு கை தட்டியதில் நான்காம் வகுப்பு சார் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"எல்லாஞ்சரி, அட்டை மொட்டையால்ல இருக்கு" என்றான் கடைசி பெஞ்ச் இசக்கிப்பாண்டி.

"பிறந்தநாள் பிள்ளை படம் வரையட்டும். அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அது இருக்கட்டும்" என்றாள் மீனா.

எல்லாரும் பானுவைப் பார்த்தார்கள். அவள் எந்தச் சாமியை வரையப் போகிறாள்? பானு பென்சிலை எடுத்து நிதானமாக வரைந்தாள். நாலு கால். ஒரு தாடி. இரண்டு கொம்பு.

சண்முகத்தாய் டீச்சர் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்து நின்றார்.

"இது யாரு?"

"எங்க வீட்டு ஆடு டீச்சர். பேரு வெள்ளச்சி" என்றாள் பானு. இந்தத் தடவை எல்லார் காதிலும் விழுந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. திங்கட்கிழமை யாரும் ஓடிவரவில்லை. ஜெனிட்டா காப்பி குடித்துவிட்டு வந்தாள். அஷ்ரப் தலை சீவியிருந்தான். வெள்ளச்சிக்குக் கொம்பு ரொம்ப நீளமா, இல்லையா என்று இருவரும் சண்டை மட்டும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையே மீனா முருகனை வீட்டுக்குக் கொண்டுபோய், தான் படுத்துக்கொள்ளும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாள். மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. அங்க உங்க இடத்துல இப்ப ஒரு ஆடு இருக்கு. பானு ரொம்பச் சந்தோசமா இருக்கா."

முருகன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.